ஓர் உழவர் விடைபெறும்போது...



கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் 1930களில் பிறந்து, எண்பதையும் தொண்ணூறையும் கடந்து வாழ்ந்த உழவர்கள் ஒவ்வொருவராக நம்மிடமிருந்து விடைபெற்று வருகின்றனர். ஜனாஸா தொழுகைக்கு ஊரே திரளுகிறது. "நல்ல உழைப்பாளி, பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர்" என்று நாலு பேர் சொல்கின்றனர். மூன்றாம் நாள் வருகிறது. நாற்பதாம் நாளும் வருகிறது. அதன் பின்னர் அந்தப் பெரியவரின் பெயர் ஓர் இடத்தில்தான் எஞ்சி நிற்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்து நிலப்பட்டாவில்! ஐந்தாண்டுகள், பத்தாண்டுகள், சில குடும்பங்களில் முப்பது ஆண்டுகள்கூட, மறைந்தவரின் பெயரிலேயே அந்தப் பட்டா கிடக்கிறது.

அப்படிக் கிடப்பதை மரியாதை என்று சிலர் எண்ணுகின்றனர். அது மரியாதைதானா என்பதைச் சிந்தித்துப் பார்க்கவே இக்கட்டுரை. வணிகச் சமுதாயம் என்றே பெயரெடுத்துவிட்ட நம்மிடையே, ஏர் பிடித்து வாழ்ந்த குடும்பங்களும் ஏராளம் உண்டு. கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், சங்கராபுரம், எலவனாசூர்க்கோட்டை என்று சுற்றி வந்தால் கடைத்தெருவிலும் நம்மவரைக் காணலாம். கரும்புத் தோட்டத்திலும் காணலாம். அத்தகைய ஓர் உழவரின் நெடிய வாழ்வை முதலில் நினைத்துப் பார்ப்போம். அவர் தனி ஒருவர் அல்லர்; ஒரு தலைமுறை. உங்கள் அத்தாவாகவோ, பாட்டனாராகவோ, பக்கத்துத் தோட்டக்காரராகவோ அவர் இருக்கக்கூடும்.

மலையைப் பார்த்து வாழ்ந்தவர்

சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் அவர் கண்கள் மேற்கே செல்லும். அங்கே நீலமாய் நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள கள்ளக்குறிச்சிச் சீமைக்கு அந்த மலைதான் மழையின் முகவரி. கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் அங்கே பிறந்து, சமவெளிக்கு இறங்கி, வெள்ளாற்றை நோக்கிச் செல்கின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்துக் கோமுகி அணை கட்டப்பட்டது. அதன் நீர்மட்டக் கொள்ளளவு 46 அடி. மணிமுக்தா அணைக்கு 36 அடி. "அணையில் இன்று எத்தனை அடி?" என்னும் கேள்வி இந்த வட்டாரத்தில் நலம் விசாரிப்பதைப் போன்றது.

மலைமேல் வாழும் மக்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் ஒத்திருப்பினும் கேரளத்தவரோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. தமிழே அவர்கள் மொழி. சாமையும் தினையும் வரகும் அவர்கள் விளைத்த தானியங்கள். பின்னாளில் மரவள்ளியும் சேர்ந்துகொண்டது. கடுக்காயும் புளியும் தேனும் மலையிலிருந்து இறங்கும். உப்பும் துணியும் இரும்புச் சாமானும் சமவெளியிலிருந்து ஏறும். அறுவடைக் காலங்களில் மலைமக்கள் கீழே வந்து கூலிவேலை செய்ததும் உண்டு.

நாடு 1947இல் விடுதலை பெற்றபோது மலைக்கு விடிவு உடனே வந்துவிடவில்லை. மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்த அம்மலையில், நிலம் ஜாகிர்தாரின் உடைமையாகவும், உழுதவர் அவருக்குக் கடமைப்பட்டவராகவும் இருந்தனர். 1976ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்த முறை முற்றிலும் நீங்கியது. கல்வராயன்மலை தனி வட்டமாகி வெள்ளிமலை அதன் தலைமையிடமானது அண்மைக் காலத்தில்தான். உழுகிற நிலத்துக்கு ஒரு தாள் கிடைக்காதா என்று தலைமுறை தலைமுறையாக ஏங்கியவர்கள் அம்மக்கள். கையில் பட்டா இருந்தும் அதைப் பங்கிட்டுக் கொள்ளாமல் இருக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பெரியவர் இந்த மலைமக்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார். படிப்பறியாத அம்மக்களிடம் எடையில் ஏமாற்றுவது எளிது, ஏமாற்றியவர்களும் உண்டு. அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று எச்சரிக்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதி வளர்ந்தவருக்கு அது இயலாத செயல். சாமையை அளக்கும்போது படியின் தலையைத் தட்டாமல் குவித்து அளந்தவர்களை மலைமக்கள் பேர் சொல்லி நினைவில் வைத்திருந்தனர். "பாய் வீட்டுக்குப் போ, அளவு சரியாக இருக்கும்" என்னும் ஒரு சொல்லைவிடப் பெரிய நற்சான்று ஒரு முஸ்லிமுக்கு வேறென்ன வேண்டும்?

கவலையிலிருந்து மின்மோட்டார் வரை

அவருடைய இளமையில் மின்சாரம் வயலுக்கு வரவில்லை. கிணற்றுக்கு மேலே கவலை ஏற்றம். சரிவான தடத்தில் இரண்டு மாடுகள் இறங்க, வடம் இழுபட்டுச் சால் நிறைய நீர் மேலே வரும். மாடுகள் பின்னேறி வந்தால் சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இப்படி இறைத்தால்தான் சிறிது நிலம் நனையும். ஒரு கைப்பிடி நெல்லுக்குப் பின்னால் மனிதனும் மாடும் நடந்த தொலைவு எத்தனை மைல் என்று கணக்கிட எவராலும் முடியாது.

பின்னர் எண்ணெய் எஞ்சின் வந்தது, மின்மோட்டார் வந்தது. 1966இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர்.8 நெல்லும் அதையடுத்த குட்டை ரகங்களும் பழைய சம்பா ரகங்களை ஓரங்கட்டின. 1986இல் வெள்ளைப் பொன்னி வந்தது. 1990இல் உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்ததும், பின்னர் கச்சிராயபாளையத்தில் இரண்டாவது ஆலை வந்ததும் கரும்பை இந்த மண்ணின் பயிராக்கின. கரணை வெட்டி நட்டு, மண் அணைத்து, தோகை உரித்து, ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்து, வெட்டு உத்தரவு வரும்வரை நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் கரும்பு வேளாண்மை. முதல் வெட்டில் கடன் அடையும். மறுதாம்பில்தான் மிச்சம் தெரியும்.

அந்த மிச்சத்தில்தான் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. மகன் கல்லூரிக்குப் போனான். ஓட்டு வீடு மாடி வீடானது. தனக்கென்று அவர் வாங்கிக்கொண்டது பெருநாளுக்கு ஒரு கைலியும் ஒரு சட்டையும்தான். மோட்டார் வந்தது, டிராக்டர் வந்தது, ஆழ்குழாய்க் கிணறு வந்தது. கிணற்றுநீர் ஆண்டுக்காண்டு கீழே போனது. தென்னார்க்காடு மாவட்டத்தில் பிறந்தவர், 1993இல் விழுப்புரம் மாவட்டத்தவரானார்; 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தவரானார். வீடு மாறாமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்து முடித்தார்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் பலர் அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர்கள். கள்ளக்குறிச்சி என்றதும் நாடு அந்தத் துயரத்தையே நினைக்கும்படி ஆயிற்று. அதே ஊர்ப்புறத்தில், ஒரு நாள் கூலியும் வழியில் கரைந்துவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்த தலைமுறை ஒன்றும் வாழ்ந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

உழவும் வணக்கமே

விதைக்கும் பொருளை நீங்கள்தாம் முளைக்கச் செய்கிறீர்களா, அல்லது நாம் முளைக்கச் செய்கிறோமா என்னும் பொருள்பட அல்லாஹ் வாகிஆ அத்தியாயத்தில் வினவுகிறான். இக்கேள்வியின் ஆழம், விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தவருக்குத்தான் முழுமையாக விளங்கும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படுகிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த நற்செய்தி. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. கதிரைக் கொத்திய குருவியை நம் பெரியவர் கவண் எடுத்து விரட்டியிருக்கலாம். அவர் விரட்டுமுன் அது உண்டுவிட்டுப் போனதும் அவர் கணக்கில் சேர்ந்திருக்கிறது!

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாறும் நினைவுக்கு வருகிறது. அடிமைத் தளையிலிருந்து விடுபட அவர்களுக்கு விதிக்கப்பட்ட விலையில் முந்நூறு பேரீச்சங் கன்றுகளும் அடங்கும். தோழர்கள் கன்றுகளைச் சேகரித்துக் கொடுக்க, ஸல்மான் குழிகளைத் தோண்ட, பெருமானார் (ஸல்) அவர்கள் தம் திருக்கரங்களால் அவற்றை நட்டார்கள். மண் படிந்த கைகளுக்கு இதைவிடப் பெரிய சிறப்பு வேண்டுமா?

விளைச்சலில் ஏழைகளுக்கு உரியதை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுமாறு அன்ஆம் அத்தியாயம் பணிக்கிறது. மழையிலும் ஆற்றிலும் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் கூடினால் கடமையைப் பாதியாகக் குறைத்துவிட்ட மார்க்கம் இது. கவலை இறைத்தவனின் வியர்வையை அறிந்தவனல்லவா இச்சட்டத்தை வகுத்திருக்கிறான்! எந்தப் பயிருக்கு, எந்த அளவிலிருந்து இது கடமையாகும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். கடை வைத்திருப்பவர் ரமளானில் ஜகாத்தை நினைக்கிறார். களத்துமேட்டில் உஷ்ரை நினைப்பவர் எத்தனை பேர்?

விருது பெற்றவர்களும் பெறாதவர்களும்

நாடு சில உழவர்களைத் தேடிச் சென்று சிறப்பித்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்து மலிஹாபாதில் ஒரே மாமரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மாம்பழ வகைகளை ஒட்டுக்கட்டி வளர்த்த ஹாஜி கலீமுல்லாஹ் கான் 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். கர்நாடக மாநிலம் தார்வாட் மாவட்டத்து அண்ணிகேரியைச் சேர்ந்த அப்துல் காதர் நடகட்டின், சிறு உழவர்களுக்கான கருவிகளை உருவாக்கியமைக்காக 2022இல் அதே விருதைப் பெற்றார். நம் தமிழகத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கிய பாப்பம்மாள் என்னும் அம்மையாருக்கு 2021இல் அவ்விருது கிடைத்தது. 2024இல் அவர் காலமானார்.

இவர்கள் பெற்ற சிறப்பு நியாயமானது. ஆனால் நாடெங்கும் கோடிக்கணக்கான உழவர்கள் எந்த மேடையையும் காணாமல் மண்ணுக்குள் போகின்றனர். அவர்களைச் சிறப்பிக்கும் பொறுப்பு அவர்கள் வீட்டாரிடம்தான் இருக்கிறது. அந்தப் பொறுப்பை நாம் எவ்வாறு நிறைவேற்றுகிறோம்?

அடக்கம் முடிந்த பின்

மறைந்தவரின் சொத்தில் கைவைப்பதற்கு மார்க்கம் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. முதலாவது, கஃபன் அடக்கச் செலவு. இரண்டாவது, அவர் பட்ட கடன். மூன்றாவது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். இவை மூன்றும் முடிந்த பிறகே நான்காவதாக வாரிசுகளின் பங்கு. இந்த வரிசையை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. நம் வீடுகளில் நடப்பதென்ன? நாற்பதாம் நாள் விருந்துக்கு ஆடு வாங்கப் பணம் கிடைக்கிறது. அத்தா உரக்கடையில் வைத்த பாக்கிக்குத் தவணை கேட்கப்படுகிறது.

உழவரின் வாழ்வு கடனோடு பின்னியது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், உரக்கடையில் பாக்கி, பக்கத்து வீட்டில் கைமாற்று, களை பறித்தவர்களுக்குத் தரவேண்டிய கூலி, மனைவிக்குக் கொடுக்காமல் நின்றுபோன மஹர் என்று பல இருக்கும். மஹரும் கடன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மனைவி மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அதுவும் பங்கீட்டுக்கு முன் தீர்க்கப்பட வேண்டியதே.

ஒரு ஜனாஸாவைக் கொண்டுவந்தபோது, அவருக்குக் கடன் உண்டா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். உண்டு என்றதும் தோழர்களையே தொழவைத்துக் கொள்ளுமாறு கூறிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே அவருக்குத் தொழுகை நடத்தினார்கள். புகாரியில் காணப்படும் இந்நிகழ்ச்சி, தந்தையின் கடனை மறைக்கும் பிள்ளைகளைத் தூங்கவிடக் கூடாது. அடக்கம் முடிந்த அன்றே ஊரார் முன்னிலையில் ஒரு மகன் எழுந்து, "எங்கள் அத்தா யாருக்கேனும் தரவேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டால், அதுவே முதல் நினைவஞ்சலி.

பெண்மக்களின் பங்கு

இப்போது நெருடலான இடத்துக்கு வருகிறோம். கடை, வீடு, நகை என்றால் பெண்களுக்குப் பங்கு கொடுக்கும் குடும்பங்கள்கூட, நஞ்சை புஞ்சை என்று வந்தால் தயங்குகின்றன. "கட்டிக் கொடுத்தபோதே சீர் செய்துவிட்டோம்" என்கின்றனர். "நிலம் வேற்றூருக்குப் போய்விடும்" என்கின்றனர். "தங்கச்சிமார் கேட்கவே மாட்டார்கள்" என்று பெருமையும் பேசுகின்றனர்.

வாரிசுரிமை வசனம் அருளப்பட்ட பின்னணியை நினைவுகூருங்கள். மதீனாவின் அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) உஹதுப் போரில் ஷஹீதானார். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்ன பெருந்தகை அவர். அவர் மறைந்ததும் அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். விதவை தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு அண்ணலாரிடம் முறையிட்டார். அதன் பின்னரே நிஸா அத்தியாயத்தின் வசனம் இறங்கியது. இரு பெண்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். இது ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் இடம்பெற்றுள்ளது. ஆக, ஒரு தாயின் முறையீட்டிலிருந்து பிறந்த சட்டம் இது. அதைத்தான் சீர்வரிசையின் பெயரால் நாம் மூடிவைக்கிறோம்.

நாட்டுச் சட்டத்தின் கதையும் அறியத்தக்கது. 1937இல் இயற்றப்பட்ட ஷரீஅத் செயலாக்கச் சட்டம், முஸ்லிம்களின் வாரிசுரிமையை ஷரீஅத்தின்படி முடிவு செய்ய வழிவகுத்தது. ஆனால் விவசாய நிலத்தை மட்டும் விலக்கி வைத்தது. அன்றைய ஏற்பாட்டில் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே காரணம். உள்ளூர் வழக்கத்தைக் காட்டிப் பெண்ணுக்கு நிலத்தை மறுக்க அது இடம் தந்தது. 1949ஆம் ஆண்டின் 18ஆம் சென்னைச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. நம் பெரியவர் மீசை அரும்பும் இளைஞராக இருந்த காலத்திலேயே, தமிழகத்து முஸ்லிம் பெண்ணின் வயற்பங்கு சட்டப்படி உறுதியாகிவிட்டது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது வீடு வந்து சேரவில்லையென்றால் குற்றம் யாருடையது?

கணக்கு ஒன்றும் கடினமானதன்று. பெரியவருக்கு 4 ஏக்கர் 80 சென்ட் நிலம் என்று கொள்ளுங்கள். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் இருக்கின்றனர். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 60 சென்ட். எஞ்சிய 4 ஏக்கர் 20 சென்ட்டை ஆறு கூறாக்கி, மகனுக்கு இரு கூறும் மகளுக்கு ஒரு கூறும் தர வேண்டும். மகன்கள் ஒவ்வொருவருக்கும் 1 ஏக்கர் 40 சென்ட். மகள்கள் ஒவ்வொருவருக்கும் 70 சென்ட். அந்த 70 சென்ட் அண்ணனின் தயவன்று. அல்லாஹ் விதித்த பங்கு. குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று குர்ஆன் அறுதியிட்டிருக்கும்போது, துண்டு நிலம் என்று சாக்குச் சொல்ல இடமில்லை. பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவரின் கழுத்தில் ஏழு நிலங்களும் வளையமாக மாட்டப்படும் என்ற நபிகளாரின் எச்சரிக்கையை வரப்பு வெட்டுபவனுக்கு மட்டும் உரியதாக எண்ணிவிட வேண்டாம். சகோதரியின் பங்கை உழுபவருக்கும் அது பொருந்தும்.

நிலத்தைத் துண்டாட மனமில்லையா? வழி இருக்கிறது. பங்கை முதலில் அளந்து பேசி, சகோதரிக்கு நியாயமான விலையைக் கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அவள் பெயரில் பத்திரம் செய்து, குத்தகைக்கு உழலாம். முழு மனத்தோடு அவளே விட்டுக்கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பங்கைச் சொல்லாமல், மதிப்பைச் சொல்லாமல், "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று வாங்கும் விடுதலைப் பத்திரத்தை மனமுவந்த விட்டுக்கொடுப்பு என்று எப்படிச் சொல்வது? தாய்வீட்டு வாசல் மூடிவிடுமோ என்னும் அச்சத்தில் போட்ட கையெழுத்து அது. தந்தை உயிரோடிருக்கும்போதே அவளிடம் எழுதி வாங்குவதோ, இன்னும் பிறக்காத உரிமையை எழுதி வாங்குவதாகும்.

நெடுநாள் வாழ்ந்தவர் கவனிக்க வேண்டியது

நெடிய ஆயுளுக்கு ஒரு சோதனையும் உண்டு. தொண்ணூறு வயது வாழ்பவர் தம் மக்களில் ஒருவரைத் தம் கையாலேயே அடக்கம் செய்ய நேரிடுகிறது. அந்த மகனின் பிள்ளைகள் பாட்டனாரின் நிழலிலேயே வளர்கின்றனர்; அவரோடு வயலுக்கும் போகின்றனர். ஆனால் பாட்டனார் மறையும்போது வேறு மகன் உயிரோடிருந்தால், அப்பேரப் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. இதைச் சுட்டிக்காட்டி ஷரீஅத்தைக் குறை சொல்பவர்கள், அதே ஷரீஅத் திறந்துவைத்துள்ள வாசலைப் பார்ப்பதில்லை. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்ய அனுமதி இருக்கிறதே! பேரன் பேத்திகளுக்கு அதைச் செய்யாமல் போவது பாட்டனாரின் கவனக்குறைவு, சட்டத்தின் குறையன்று. வாய்ச்சொல்லாகவும் வஸிய்யத் செய்யலாம். எனினும் எழுதி, இருவரைச் சாட்சியாக்கிவிடுவதே பின்னாள் பூசலைத் தவிர்க்கும்.

வாழ்நாளிலேயே ஹிபாவாகக் கொடுக்க விரும்புபவர் பிள்ளைகளிடையே நீதியைப் பேண வேண்டும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவருடைய தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு அண்ணலாரை வேண்டியபோது, பிள்ளைகள் அனைவருக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டு, சாட்சியாக நிற்க மறுத்துவிட்டார்கள். கூடவே இருந்து உழுத மகனுக்கு அதிகம் தர வேண்டும் என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பே. அவனது உழைப்புக்கு உரிய கூலியோ விளைச்சலில் பங்கோ ஆண்டுதோறும் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டால், கடைசியில் மற்றவர்கள் வாயடைத்து, மனம் கசந்து நிற்க நேராது.

இன்றே செய்யத்தக்கவை

வாசக நேயர்களே! உங்கள் வீட்டில் வயது முதிர்ந்த உழவர் ஒருவர் இருக்கிறாரா? இன்று மாலை அவரருகே அமருங்கள். எந்தக் கிணற்றை எந்த ஆண்டு வெட்டினார், எந்த வரப்பு யாரோடு பொதுவானது, எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நடைபெற்ற யு.டி.ஆர். நிலவரித் திட்டத்தில் பதிவான பெயரும் சர்வே எண்ணும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிழையிருந்தால் அதை விளக்கக்கூடிய மனிதர் உயிரோடிருக்கும்போதே திருத்துவது எளிது.

அவர் விடைபெற்றுவிட்டாரா? இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். வாரிசுச் சான்றிதழில் தாயின் பெயரும் சகோதரிகளின் பெயரும் விடுபடாமல் சேர்க்கப்பட வேண்டும். கடனைத் தீருங்கள். ஆலிம் ஒருவரையும் பத்திர எழுத்தர் ஒருவரையும் வைத்துப் பங்கீட்டை முடியுங்கள். பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, பட்டாவை அவரவர் பெயருக்கு மாற்றுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் இதில் பங்காற்றலாம். நிக்காஹ் தப்தர் வைத்திருக்கும் ஜமாஅத், மய்யித்தை அடக்கிய மறுமாதம் அவ்வீட்டுக்கு இரு பெரியவர்களை அனுப்பி, "கடன் தீர்ந்ததா? பங்கீடு ஆயிற்றா?" என்று கேட்டுவிட்டால் எத்தனையோ வழக்குகள் முளையிலேயே கருகிவிடும்.

அவருடைய நிலத்தில் ஒரு மரமும் நடுங்கள். கியாமத் நாள் வந்துவிட்ட போதிலும் கையிலிருக்கும் கன்றை நட முடிந்தால் நட்டுவிடுங்கள் என்று வழிகாட்டிய மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் நாம். மனிதன் இறந்த பின்னும் தொடர்ந்து வரும் மூன்றில், நிலையான தர்மம் ஒன்று. அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஒன்று. பயன்தரும் கல்வி ஒன்று. உழவரின் பிள்ளை தன் தந்தையின் பெயரால் நட்ட புளிய மரத்தடியில் மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு கூலியாள் இளைப்பாறினாலும் அந்த நன்மை அவரைத் தேடிச் செல்லும், இன்ஷா அல்லாஹ்.

மழை பெய்தால் அல்ஹம்துலில்லாஹ் என்றும், பொய்த்தால் ஸப்ரு என்றும் வாழ்ந்த அந்த நல்லவர்களின் கபர்களை அல்லாஹ் விசாலமாக்குவானாக! அவர்கள் வியர்வை சிந்திய நிலத்தை, அவர்களின் மகனுக்கும் மகளுக்கும் துணைவிக்கும் உரிய அளவில் பிரித்துக் கொடுக்கும் நேர்மையை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.